போன் பண்ணாதவனுக்கு யார் இருக்கிறார்?

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரியில், கில்கார்வன் என்றொரு சின்ன ஊர். 1931இல் பிறந்த ஜாக்கி ஹீலி-ரே அந்த ஊர்க்காரர். மதுக்கடை நடத்தியவர். தலையில் எப்போதும் கட்டம் போட்ட தொப்பி. 1973இலிருந்து கவுண்டி கவுன்சிலர். அத்தனை காலம் உழைத்தும், 1997 பொதுத்தேர்தலில் ஃபியன்னா ஃபால் கட்சி அவருக்கு சீட்டு கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றார், ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 66.

மத்தியானமே பெரிய சாப்பாட்டை முடித்துவிடுகிற மக்களின் ஆள் நான் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். ராத்திரி விருந்துக்குக் காத்திருக்கும் டப்ளின்காரர்களுக்கு அதில் ஒரு குத்தல் இருந்தது.

அந்த முறை 166 இடங்களில் பெர்டி அஹெர்னின் கூட்டணிக்குக் கிடைத்தது 81தான். ஆட்சி நிற்க சில சுயேச்சைகளின் தயவு வேண்டும். ஹீலி-ரே ஆதரவு தந்தார். பதிலுக்குத் தன் தொகுதிக்கு சாலைகளும் திட்டங்களும் கேட்டார். நகரத்துப் பத்திரிகைகள் சிரித்தன. கெர்ரி சிரிக்கவில்லை, 2002இலும் 2007இலும் மறுபடி அவரையே அனுப்பியது.

இது சரியா தப்பா?

அயர்லாந்தில் வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துகிறார். ஒரே தொகுதியில் பல இடங்கள். சொந்தக் கட்சிக்காரனே போட்டியாளன் என்பதால், கொள்கையை வைத்து மட்டும் அவனை முந்த முடியாது. யார் போனை எடுக்கிறார் என்பதும் கணக்கில் வரும். அதனால்தான் 1963லேயே பேசில் சப் என்ற அரசியல் அறிஞர், அங்கே எம்.பி.யின் வேலையே அரசு ஊழியர்களைத் துரத்திக்கொண்டிருப்பதுதான் என்று கிண்டலாக எழுதினார்.

கிண்டல் சுலபம். மருத்துவ அட்டைக்கு மனு போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் கிழவியிடம் போய், 'பாட்டி, சிபாரிசு ஒழுங்கீனம்' என்று சொல்லிப் பாருங்கள். அவள் கேட்பது சலுகை அல்ல, பதில். அந்தப் பதிலைத் தருபவனை அவள் எப்படிக் குறை சொல்வாள்?

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அவளுக்குக் கிடைத்தது அவளுடைய உரிமை. அது அவரது உதவியாக மாறிப்போனது. அவள் நன்றி சொன்னாள், ஓட்டும் போட்டாள். உரிமைக்கு எதற்கு நன்றி? தொகுதிக்கு வந்த சாலைக்கும் இதே கணக்குதான். யாருடைய ஓட்டும் ஆட்சிக்குத் தேவைப்படாத இன்னொரு தொகுதியில் குழிகள் அப்படியே கிடக்கலாம். நன்றி சொல்பவரின் முகம் தெரிகிறது. இழந்தவரின் முகம் தெரிவதே இல்லை.

2010 டிசம்பரில், கடன் நெருக்கடியின் உச்சத்தில் வந்த சிக்கன பட்ஜெட்டையும் அவர் ஆதரித்தார். அதோடு சேர்ந்து நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.65 யூரோவிலிருந்து 7.65 ஆனது. நாடு முழுக்க என்றால் கெர்ரியும்தான்.

2011இல் ஒதுங்கினார், 2014இல் இறந்தார். இடம் மகன் மைக்கேலுக்குப் போனது. 2016இல் இன்னொரு மகன் டேனியும் சேர்ந்து ஜெயித்தார். அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. போன் பண்ணாமலேயே பதில் வருகிற ஒரு அலுவலகத்தை நாம் கட்டாதவரை, போனை எடுக்கிற மனிதனே நல்லவனாகத் தெரிவான். அவன் நல்லவனாகவே இருக்கவும் கூடும். சங்கடமே அதுதான்.