முடிந்து வைத்த காசு

வீட்டில் குழந்தைக்கு ஜுரம் கண்டு மூன்றாம் நாளும் இறங்காமல் போனால், என் பாட்டி கைகால் அலம்பிக்கொண்டு வந்து, பழைய வேஷ்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் இழைத்த நீரில் அதை முக்கிப் பிழிந்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே முடிந்து, ஸ்வாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவாள். அந்த நிமிஷத்திலிருந்து அந்த நாணயம் வீட்டுக் காசு அல்ல. மாதக் கடைசியில் பால்காரருக்குச் சில்லறை போதாமல் அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டைத் துழாவிய நாட்களிலும், எட்டும் உயரத்தில் தொங்கிய அந்த முடிச்சின் மேல் அவள் கை போனதில்லை. பாட்டிக்குப் பாங்கியில் கணக்குக் கிடையாது. இடுப்பில் செருகிய சுருக்குப் பை, அஞ்சறைப் பெட்டி, ஆணியில் மாட்டிய மஞ்சள் முடிச்சு, இவ்வளவுதான் அவளுடைய கஜானா.

பாங்கிக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு அந்த முடிச்சின் குணம் எளிதில் வராது. அங்கே பத்தாயிரம் ரூபாய் இருக்கிறதென்றால், அதில் வாடகைக்கான ரூபாய் எது, பிள்ளையின் படிப்புக்கான ரூபாய் எது, தெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட ரூபாய் எது என்று எந்த அடையாளமும் இல்லை. எல்லாம் ஒரே எண்ணாகக் கலந்து கிடக்கின்றன. கையில் பிடித்த காசோ, இது இதற்கு என்று ஒதுக்கி வைக்கப்படும் யோக்யதை உடையது. ஒதுக்கி வைத்ததைத் தொடாதிருக்கும் பழக்கந்தான் நம் பெண்கள் குடும்பத்துக்குள் நடத்திவந்த தர்ம சாஸ்திரம் என்று நான் நினைக்கிறேன்.

தையற்கடை வைத்து ஜீவனம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கிரெடிட் கார்டுகளில் ஏறிய கடனை நாலு வருஷம் பாடுபட்டு அடைத்து முடித்த பிறகு, கார்டுகளை வெட்டிப் போட்டதோடு நில்லாமல், பாங்கிக் கணக்கையும் மூடிவிட்டு, அன்றன்று கல்லாவில் விழும் ரொக்கத்தைக் கொண்டே வாழ்வதென்று அவர் தீர்மானம் செய்துகொண்டார். “இது வைராக்கியமா, அல்லது அடிபட்டவனுடைய பயமா? சாஸ்திரம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?” என்று அவர் என்னைக் கேட்ட கேள்வி நாலைந்து மாதமாக என் மனத்தை விட்டு அகலவில்லை.

சாஸ்திரங்களைப் பார்க்கப் போனால், ரொக்கத்துக்கு அவை ஒன்றும் பெருமை கொடுத்துவிடவில்லை. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து நூறு வருஷத்துக்குப் பின் வைசாலியில் நடந்த ஒரு விவகாரத்தை, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த விநய பிடகம் விஸ்தாரமாகச் சொல்கிறது. உபோசத நோன்பு தினத்தன்று, வஜ்ஜி நாட்டுப் பிக்ஷுக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பிச் சங்கத்தின் நடுவே வைத்து, வணங்க வந்த ஊராரிடம், சங்கத்தின் தேவைகளுக்காக ஒரு கார்ஷாபணக் காசோ, அதில் பாதியோ, காலோ, ஒரு மாஷகச் சில்லறையோ பாத்திரத்தில் போடும்படி கேட்டார்கள். அங்கே வந்திருந்த யசர் என்னும் பிக்ஷு, சாக்கிய குலத் துறவியர்க்குப் பொன்னும் வெள்ளியும் தகா, போடாதீர்கள் என்று ஜனங்களைப் பார்த்துச் சொன்னார். ஜனங்கள் போட்டார்கள். சேர்ந்த காசைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட பிக்ஷுக்கள், யசருக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்கள். அவர் ஏற்க மறுத்தார். பக்தர்களை அவமதித்தார் என்று அவர்மீது குற்றம் சாட்டி, அந்த ஊராரிடமே போய் மன்னிப்புக் கேட்கும்படி சங்கம் விதித்தது. அவர் போனார், போன இடத்தில் புத்தருடைய உபதேசத்தை எடுத்துரைத்து ஊராரையே தம் பக்கம் திருப்பிவிட்டார். அதன் முடிவில் 700 பிக்ஷுக்கள் வைசாலியில் கூடி, காசு ஏற்பது உட்பட்ட பத்து வழக்கங்களையும் விநயத்துக்கு விரோதமானவை என்று தள்ளினார்கள். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த சில செப்புக் காசுகளும் வெள்ளிக் காசுகளும் ஒரு மகாசங்கத்தையே கூட்ட வைத்தன.

ஆனால் அதே விநயத்தில் இன்னொரு விதி இருக்கிறது. என் நண்பரின் கேள்விக்கு அதுதான் கிட்ட வருகிறது. பிக்ஷுவுக்குச் சீவரம் என்னும் துறவாடை வாங்கிக் கொடுக்க விரும்பும் கொடையாளி ஒருவர், பணத்தை ஒரு காரியஸ்தரிடம் ஒப்படைக்கலாம். பிக்ஷு அந்தப் பணத்தைத் தொடமாட்டார். தொடவில்லையே, அப்புறம் என்ன தோஷம் என்று விநயம் அத்தோடு விட்டுவிடவில்லை. எனக்குச் சீவரம் வேண்டியிருக்கிறது என்று காரியஸ்தரிடம் பிக்ஷு மூன்று முறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால், ஆறு முறை வரை அவர் எதிரில் மௌனமாகப் போய் நிற்கலாம். அதற்கு மேல் முயன்று சீவரம் பெற்றால் அது குற்றம். இந்த விதியை முதன்முதல் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உலோகத்தைத் தொடுவதில் இருக்கும் ஆபத்தைக் காட்டிலும், கண்ணுக்கு முன் இல்லாத பொருளின்மேல் “எனக்கு வரவேண்டியது” என்று மனம் விடாமல் பற்றிக்கொள்வதில் இருக்கும் ஆபத்தை அவர்கள் எவ்வளவு நுட்பமாக அளந்து வைத்திருக்கிறார்கள்!

நம் தமிழ்நாட்டிலேயே, அதிக காலம் ஆகாத ஒரு சரித்திரம் இருக்கிறது. 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்ட பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், தமையனார் தம்முடைய காலேஜ் சம்பளம் கட்டுவதற்கென்று எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில், ரயிலுக்கென்று மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் குறித்த ஒரு கடிதத்தோடு மிச்சம் இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போனான். உலகத்தையே துறந்து போகிறவன், பிறத்தியார் காசுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். வழியில் கையிருப்புத் தீர்ந்து, கீழூரில் ஒரு பாகவதரிடம் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தான். கடுக்கனை மீட்டுக்கொள்ள விலாசம் எழுதித் தந்த சீட்டை, மீட்கும் உத்தேசமே இல்லாததால், கிழித்தெறிந்துவிட்டான். செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்து, அருணாசலேசுவரர் சந்நிதியில் நின்று, வெளியே வந்து சிகையை மழித்துக்கொண்டபின், கையில் மிஞ்சியிருந்த மூன்று ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட காசையும், பாகவதர் வீட்டில் கொடுத்த பட்சணப் பொட்டலத்தையும் ஐயங்குளத்தில் எறிந்தான். பின்னாளில் ரமண மகரிஷியான அவருடைய சரித்திரத்தில் ஐயங்குளத்தில் விழுந்த காசைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ, கிழித்த சீட்டும், வீட்டில் வைத்துவிட்டு வந்த இரண்டு ரூபாயும் அதைவிடப் பெரியவையாகத் தோன்றுகின்றன. இனி வரவேண்டியது என்று ஒன்றும் இல்லை. இனிக் கொடுக்கவேண்டியது என்றும் ஒன்றும் இல்லை. இரண்டு முனையும் அறுந்த பிறகே குளத்தில் காசு விழுந்தது.

கிருகஸ்தனுக்கு அது ஸாத்தியமா? ஆயுள் இன்ஷூரன்ஸ் பத்திரத்தைத் தொடர்ந்து வைத்திருப்பது தெய்வத்தின்மேல் உள்ள நம்பிக்கைக்குக் குறைவு என்று உணர்ந்து, 10,000 ரூபாய்ப் பாலிசியைக் கைவிட்டதாகக் காந்தியடிகள் சுயசரிதையில் எழுதுகிறார். வினோபா 1950-ல் வார்தாவை அடுத்த பௌனார் ஆசிரமத்தில் காஞ்சன முக்தி என்ற பெயரால், காசே இல்லாமல், மண்ணை வெட்டிப் பயிர் செய்து வாழும் பரீட்சையில் இறங்கினார். அடுத்த வருஷம் பூதானம் என்னும் நிலக்கொடை இயக்கம் அவரை ஊர் ஊராக நடக்க வைத்துவிட்டது. இவையெல்லாம் மகான்களுக்கும், அவர்களைச் சுற்றி ஓர் ஆசிரமம் கூடியவர்களுக்கும் பொருந்தும். வாடகையும், பள்ளிச் சம்பளமும், வயதான தாயின் மருந்துச் செலவும் உள்ள தையற்காரர் காசைக் குளத்தில் எறிய முடியாது, எறியவும் கூடாது. பொருளீட்டிப் பிறரைத் தாங்குவது கிருகஸ்த தர்மம். அவருக்குத் துறவு வேண்டியதில்லை, வரம்பு வேண்டும்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை நாம் கவனித்துப் பார்ப்பதில்லை. பட்ட கடனும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். காலைக் கடன், நீத்தார் கடன் என்கிறோம். மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும், ரிஷிகளுக்கும், பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று வேதமும் சொல்லுகிறது. ஆகவே கடனே இல்லாத வாழ்வு நமக்குச் சொல்லப்படவில்லை. நாம் பட்ட பழைய கடன்கள், வாங்கியதை நினைத்து நன்றியோடு செலுத்தப்படுபவை. கார்டின் கடன் இதற்கு நேர்மாறானது. இன்னும் தைக்காத சட்டையின் கூலியை, இன்னும் விடியாத நாளின் உழைப்பை, இன்றைக்கே தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளச் செய்வது அது. என் நண்பர் மாதந்தோறும் “மினிமம் டியூ” என்று அச்சிட்டிருந்த தொகையை ஒழுங்காகக் கட்டிவந்தார். கடனை அடைத்துக்கொண்டிருப்பதாகவே ஒன்றரை வருஷம் நம்பினார். அசல் அநேகமாக அப்படியே நின்றது. வட்டிமேல் வட்டி ஏறியது. ஒருநாள் ராத்திரி, காஜா எடுத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, “இந்தச் சட்டை போன தீபாவளியிலேயே விற்றுப்போய்விட்டது ஸார்” என்று சொன்னார். கையில் இருக்கும் துணி கையில் இல்லை என்ற அந்த உணர்ச்சியைவிட மனிதனைச் சிறுமைப்படுத்துவது வேறென்ன இருக்கிறது?

ரொக்கம் பத்திரமானது என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். நாணயம் என்ற சொல்லும் தமிழில் இரட்டைப் பொருள் உடையது. அது காசு, அதுவே நேர்மை. ரூபாய் நோட்டில், கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக ரிசர்வ் பாங்கியின் கவர்னர் வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார். மத்திய சர்க்கார் வெளியிடும் ஒரு ரூபாய் நோட்டில் மாத்திரந்தான் அந்த வாக்குறுதி இல்லை. ஆகவே ரொக்கத்தில் வாழ்கிறவனும் பிறருடைய நாணயத்தின்மேல்தான் வாழ்கிறான். 2016 நவம்பர் 8 இரவில், 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவுக்குமேல் செல்லாது என்று அறிவித்தபோது, அரிசிப் பானையில் பணத்தை மறைத்து வைத்திருந்த எத்தனை தாய்மார்கள் இந்த உண்மையைக் கற்றுக்கொண்டார்கள்! பாங்கியை நம்பினவர்களும் கெட்டதுண்டு. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது வாழ்நாள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றவர்கள் அநேகர். அந்தத் துயரத்திலிருந்தே மறு வருஷம் இந்தியன் பாங்கி பிறந்தது. இன்று டிபாஸிட்டுக்கு ஐந்து லக்ஷம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் இருக்கிறது. நிச்சயமான இடத்தைத் தேடி ரொக்கத்துக்கு வருகிறவன் ஏமாந்தே போவான்.

அதுமட்டுமா? கணக்கே இல்லாமல் ரொக்கத்தில் மட்டுமே வாழும் ஏழைகளைத் தெருவெங்கும் பார்க்கிறோம். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் கார்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் நூறு நாள் தண்டலில் முன்பிடித்தம் போக வாங்கிய பணத்துக்கு, சாயங்காலம் சைக்கிளில் வந்து நிற்பவரிடம் நாள்தோறும் எண்ணிக் கொடுக்கிறாள். நியாய வட்டியில் அவளுக்கு ஒரு பாங்கி கடன் கொடுக்குமானால் அது புண்ணிய காரியம். வரியை ஏமாற்றுவதற்காக ரொக்கத்தை நாடுகிறவர்களைப் பற்றியோ பேசவே வேண்டியதில்லை. ஊருக்குச் செலுத்தவேண்டிய கடனைத் திருடுகிறவன், எந்தப் பையில் வைத்திருந்தாலும் திருடன்தான். ஆகவே என் நண்பர் கணக்கை மூடியது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். அதை அவரிடமே சொன்னேன். கார்டை வெட்டியது முழுக்க முழுக்கச் சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொக்கத்துக்கு ஈடு கிடையாது, அது கொடுப்பது. கோயில் உண்டியலில் விழும் காசுக்குப் பெயர் இல்லை, ரசீது இல்லை. கொடுத்தவருக்கே மறுநாள் ஞாபகம் இருப்பதில்லை. கைபேசியில் அனுப்பும் பணமோ, கொடுத்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டே போய்ச் சேருகிறது. நம் தானத்தை நாமே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். மறைவாகச் செய்யும் குப்த தானம் என்று நம் பெரியோர் போற்றியது அந்த வழியில் மெள்ள மெள்ள மறைந்துபோகும். நம் கொடைகளை எழுதி வைக்க ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். காஞ்சீபுரத்தில் சித்திரகுப்தருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. இன்னொரு ஏடு நமக்கு எதற்கு?

நண்பர்களே, வருகிற சித்ரா பௌர்ணமியன்று கார்டை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து ஆணியில் மாட்டிவிட்டு, வைகாசிப் பௌர்ணமி வரையில் கையில் உள்ளதைக் கொண்டே குடும்பம் நடத்திப் பாருங்கள். பூக்காரியிடம் பேரம் பேசாமல், எண்ணிய காசை அவள் உள்ளங்கையிலேயே வையுங்கள்.