அரை அங்குலம்

பகடையில் ஐந்தும் மூன்றும் விழுந்தன. கூட்டினால் எட்டு. எதிரே நின்ற இளைஞர் இன்ச் டேப்பை இழுத்து, தன் அரக்கப் பூச்சிக்கும் கொடி பிடித்த வீரனுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். ஓட வேண்டிய தூரம் எட்டரை. "எட்டலையே" என்று சொல்லி டேப்பைச் சுருட்டிக்கொண்டார். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்துப் புள்ளிகளை எண்ணியபோது 74க்கு 71. இருவரும் கை குலுக்கினார்கள்.

வென்றவர் ஐம்பதைத் தாண்டியவர், நாட்டிங்ஹாம்காரர். இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு அவர் ஆடிய மற்ற ஆட்டங்களில் எதை வென்றார், எதைத் தோற்றார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அந்த அரை அங்குலத்தைக் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போய் நிற்கிறது.

ஆட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வார்ஹேமர் 40,000. நாட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1987இல் வெளியிட்டது. அறுபது அங்குல நீளம், நாற்பத்து நான்கு அங்குல அகலம் உள்ள மேசையில் இடிந்த கட்டடங்களை அடுக்கி, ஆளுக்கு 2,000 புள்ளி மதிப்புள்ள குட்டிப் பொம்மைப் படையை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவார்கள். கட்டம் கிடையாது. எல்லாம் டேப்பால் அளப்பதுதான். எதிரி மேல் பாயவேண்டுமானால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை அங்குலம் ஓடலாம். எட்டாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பொம்மைகள் பெட்டியில் வரும்போது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் கை வேறு, கால் வேறாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி, சீவி, பசை போட்டு ஒட்டி, வண்ணம் பூசுவது ஆடுகிறவரின் பாடு. அதற்கும் மதிப்பெண் உண்டு. 2020இல் வந்த விதிகளிலிருந்து ஓர் ஆட்டத்தின் நூறு புள்ளிகளில் பத்து, படை முழுவதும் ஒழுங்காக வண்ணம் பூசப்பட்டிருந்தால் கிடைக்கும். தளத்தட்டில் மணல்கூட ஒட்டாமல் சாம்பல் படையோடு வருகிறவர் பத்தைத் தோற்றுவிட்டுத்தான் ஆடத் தொடங்குகிறார். இந்த விதியைப் பிடிக்காதவர்கள் உண்டு. நாட்டிங்ஹாம்காரருக்குப் பிடிக்கும். கையால் ஆன உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கிற விளையாட்டு உலகத்தில் எத்தனை இருக்கிறது?

அன்று அவர் கொண்டுபோனது புத்தம் புதுப் படை. ஐம்பத்து நான்கு வீரர்கள், அத்தனை பேருக்கும் மஞ்சள் கவசம். இந்த மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்ணம் பூசுகிறவர்கள் பயப்படும் நிறம் இது. மற்ற பல நிறங்கள் அடியிலிருப்பதை மூடிவிடும், மஞ்சள் மூடாது. கறுப்புப் பிரைமர் மேல் நேராகப் பூசினால் அழுகிய பச்சையாகத் தெரியும். முதலில் பழுப்போ வெளிர் சிவப்போ அடிக்க வேண்டும், பிறகு தண்ணீராகக் கரைத்த மஞ்சளை ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று, மறுபடி ஒன்று. அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும். ஐந்து மாத மாலைகள் இதில் போயின. கடைசியாக முடிந்தது கொடிக்காரன். போட்டிக்கு முந்தின நாள் இரவு ஒரு மணிக்கு வார்னிஷ் அடித்து, சமையலறை ஜன்னலோரம் நிறுத்தி வைத்தார். காலையில் தொட்டுப் பார்த்தார். கொடிக்கம்பத்தின் நுனி லேசாக விரலில் ஒட்டியது.

இப்போது மேசைக்குத் திரும்பலாம். மூன்றாம் சுற்று. இருபுறமும் பொத்தான் உள்ள சதுரங்கக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இளைஞருக்கு நேரம் குறைவு. டேப்பை எடுக்காமல் கண்ணாலேயே பார்த்து, "எட்டு இருக்கும்போல" என்றார். பிறகு தன் அரக்கனை ஒரு சுவரைச் சுற்றி நகர்த்தப் போனவர் நின்றார். அதன் கொடுக்கு கொடியில் உரசிவிடும் என்று தோன்றியது. "உங்க கொடி புதுசா பெயின்ட் பண்ணினதுன்னு சொன்னீங்களே, பட்டுடப்போகுது. கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அவர் தூக்கினார்.

பொம்மையைத் தூக்கும்போது அது நின்ற இடத்தில் ஒரு பகடையை வைத்துவிட்டுத் தூக்குவது எல்லாரும் செய்வது. புதிதாக ஆட வருகிற பிள்ளைகளுக்கு அவரே எத்தனையோ முறை இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்று வைக்கவில்லை. தூக்கியவுடன் அவர் கண் போனது கம்பத்தின் நுனிக்கு. அங்கே வண்ணம் பெயர்ந்து, குண்டூசித் தலை அளவுக்குச் சாம்பல் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. அதையே பார்த்தபடி பொம்மையைத் திரும்பக் கீழே வைத்தார். பகடை உருண்டது. ஐந்தும் மூன்றும்.

எட்டு என்பது எட்டரையானது எப்போது? இளைஞரின் கண் தப்புக் கணக்குப் போட்டிருக்கலாம். மனிதக் கண்ணுக்கு அரை அங்குலம் தவறுவது பெரிய விஷயமில்லை. பொம்மை முதலிலிருந்தே எட்டரையில் நின்றிருக்கலாம். அல்லது கீழே வைத்த கை அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருக்கலாம். இரண்டு பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழ முப்பத்தாறில் பதினைந்து வழி. ஒன்பதோ அதற்கு மேலோ என்றால் பத்து வழிதான். ஐந்து வழிகளை அந்தக் கை அடைத்துவிட்டதா? அடைத்திருந்தால், கையை ஏவியது யார்?

தமிழில் "மனமறிய ஒரு தப்பும் செய்யவில்லை" என்கிறோம். "கை தவறிவிட்டது" என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் மனம் சாட்சி. இரண்டாவதில் தவறியது கை, மனம் அங்கே இல்லவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் உண்டு: கை தவறியது, ஆனால் தவறிய திசை மட்டும் நமக்கு லாபமான திசை. அந்த இடத்துக்கு நம்மிடம் ஒரு சொல் இல்லை. அவர் நின்றுகொண்டிருப்பது அங்கேதான்.

அவருடைய அம்மா லேஸ் வேலை பார்த்தவர். நாட்டிங்ஹாம் லேஸுக்குப் பேர்போன ஊர். 1813இல் ஜான் லீவர்ஸ் என்பவர் வடிவமைத்த இயந்திரம் பிறந்தது இங்கேதான், பழைய கிடங்குகள் நிற்கிற பகுதிக்கு இன்றும் லேஸ் மார்க்கெட் என்றே பெயர். இயந்திரத்தில் பல லேஸ் பட்டைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஒரே அகலத் துணியாக வரும். ஒன்றையொன்று பிணைத்திருக்கும் ஒற்றை நூலை உருவினால் பட்டைகள் தனித்தனியாகப் பிரியும். அந்த உருவும் வேலையைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துவந்து செய்வார்கள். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று. 1970களில் அடுப்பங்கரையில் அம்மா நூல் உருவ, காலடியில் அவர் பொம்மைச் சிப்பாய்களைப் பரப்பி வைத்திருப்பார். உருவின நூல்கள் தரையில் சுருண்டு கிடக்கும். அவை அவருக்கு முள்வேலி.

ஒரு நாள் அம்மா கொண்டுபோன கட்டு திரும்பி வந்தது. ஒரு பட்டையில் நூல் மாறி உருவியதில் ஓரம் பிரிந்திருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் மணிக்கணக்கில் அதே வேலை செய்கிற கண். ஊசி முனை அளவு ஓட்டையையும் விடாது. கடைசியில், "அன்னைக்கு நான் இந்தப் பூவையே பாத்துட்டிருந்தேன்" என்றார். புது டிசைன். அழகாக இருந்ததாம். பூவைப் பார்த்த கண் ஓரத்தைப் பார்க்கவில்லை. அம்மா வேறு ஒன்றும் சொல்லவில்லை, கூலிப் பிடித்தத்தைப் பற்றி அப்பாவிடமும் முறையிடவில்லை. சிறுவனாக இருந்த அவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது கம்பத்தின் நுனியை நினைக்கிறபோதெல்லாம் அம்மா சொன்ன அந்தப் பூ நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அம்மாவின் தப்பு அம்மாவுக்கே நஷ்டம். அதனால் அதை நம்புவது சுலபம்.

போட்டிக்குப் பிறகு அவர் எச்.ஜி. வெல்ஸ் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தார். 1913இல் வந்தது, பொம்மைப் போர் ஆடுகிற எல்லாருக்கும் பாட்டன் வீட்டுச் சொத்து மாதிரி. சிறுவயதில் நூலகத்தில் படித்தபோது மனதில் பதிந்தது பீரங்கி மட்டும். விசை வைத்த பொம்மைப் பீரங்கி, உள்ளே மரத்துண்டு, குறிபார்த்துச் சுட்டால் சிப்பாய் நிஜமாகவே சாய்வான். சாய்ந்தால் செத்தான், நின்றால் பிழைத்தான். அதில் வழக்கே இல்லை. அப்படியொரு தூய்மையான ஆட்டம் என்றே இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தார். இப்போது படித்தால், அந்த ஆட்டத்திலும் அளவு உண்டு: காலாட்படை ஓர் அடி நகரலாம், குதிரைப்படை இரண்டு அடி. அங்கேயும் ஒரு கை பொம்மையைத் தூக்கி வைக்கத்தான் செய்தது. நினைவு வைத்துக்கொண்டது தனக்குப் பிடித்ததை மட்டும். இது அவரை இன்னும் கலங்கச் செய்தது. புத்தகத்தில் அப்படியென்றால், மேசையில்?

நண்பர் ஒருவர் பாபி ஜோன்ஸின் கதையைச் சொன்னார். 1925 அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியில் அடிக்கத் தயாரானபோது பந்து துளி அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தன் கணக்கில் தானே ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். போட்டி சமநிலையில் முடிந்து, தீர்வு ஆட்டத்தில் வில்லி மக்ஃபர்லேனிடம் ஒரே ஓர் அடியில் தோற்றார். கேட்கும்போதே மனம் நிமிர்கிற கதை. ஆனால் ஜோன்ஸ் பார்த்தார். பந்து அசைந்தது அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வதற்கு நேர்மை போதும். தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது? "நான் ஏமாற்றியிருக்கலாம்" என்று ஒருவர் அறிவித்தால் அது ஒப்புதல் வாக்குமூலமும் அல்ல, மறுப்பும் அல்ல. கேட்பவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுவது மட்டும்தான்.

அவர் எப்போதோ எதிலோ படித்த ஒன்றும் உண்டு. பெயர்கள் மறந்துபோய் விஷயம் மட்டும் நின்றது. அது 1954இல் ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்றின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரே படம். டார்ட்மத் அணி செய்த தப்புகள் என்று டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணில் பட்டதைத்தான் எண்ணினார்கள். இதை முதலில் படித்தபோது ஊரார் கண்ணைப் பற்றிய செய்தியாக இருந்தது. இப்போது அவர் கண்ணைப் பற்றியதாகிவிட்டது.

வார்ஹேமர் ஆட்டக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பொம்மையை வைக்கும்போது தன் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்வார்கள்: "இவனை உங்க ஆளுக்கு ஒன்பது அங்குலத்துக்கு வெளியே வைக்கிறேன், சரியா?" எதிராளி சரியென்றால், பின்னால் டேப் கொஞ்சம் முன்பின் காட்டினாலும் சொன்ன எண்ணம்தான் செல்லும். எண்ணத்துக்கே மதிப்பு. ஆனால் அதற்கு எண்ணம் இன்னதென்று சொல்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவரிடம் "என்ன நினைத்து வைத்தீர்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால், "மஞ்சளை நினைத்து" என்றுதான் சொல்லியிருப்பார். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

ஆறு மாதம் கழித்து வேறொரு போட்டியில் அந்த இளைஞரைப் பார்த்தபோது விஷயத்தைச் சொன்னார். இளைஞருக்கு அந்த ஆட்டமே சரியாக ஞாபகமில்லை. யோசித்துவிட்டு, "நீங்கதானே அந்த மஞ்சள் படை? அருமையா இருந்துச்சு" என்றார். அவருக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, ஏதோ ஒன்று கைவிட்டுப் போனதுபோலவும் இருந்தது.

அன்றிரவு சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார். கொடிக்காரனை நிறுத்தி, தளத்தட்டைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டார். தூக்கினார். கம்பத்தின் நுனியையே பார்த்தபடி திரும்ப வைத்தார். பெயர்ந்த வண்ணத்தை அவர் எப்போதோ சரிசெய்துவிட்டார், இரண்டு நிமிட வேலை. ஆனாலும் அந்த இடத்தையே பார்த்தார். எவ்வளவு தள்ளி வந்திருக்கிறதென்று அளந்து குறித்துக்கொண்டார். மறுபடி தூக்கினார். இப்படி இருபது முறை. கால் அங்குலம் தள்ளிப்போனதும் உண்டு, அரை அங்குலத்துக்கு மேல் போனதும் உண்டு. கைக்கு அது சாத்தியம் என்பது மட்டும் தெரிந்தது. அந்த மேசையில் பாயக் காத்திருக்கும் அரக்கன் இல்லை, கடிகாரம் இல்லை, வெல்வதற்கும் ஒன்றுமில்லை. அதனால் அது அந்தக் கையேதானா என்றும் தெரியவில்லை.

தாள் இன்னும் வண்ணப் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது. பதினொரு முறை பின்னால், ஒன்பது முறை முன்னால்.