ட்ரிக்கரில் குறைத்த எடை

மலிவு விலை ஏர் ரைஃபிள் வாங்கியவர்கள் சொல்லும் முதல் குறை, ட்ரிக்கர் கனமாக இருக்கிறது என்பது. குறை நியாயமானதே. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கியதும், அதன் முழு அழுத்தத்தையும் ‘சியர்’ எனப்படும் சிறிய எஃகுக் கொக்கி தாங்கி நிற்கிறது. ஜெர்மனியின் வைராக் நிறுவனத்து ரெக்கார்ட் ட்ரிக்கர் போன்றவற்றில் அந்தச் சுமை நடுவிலுள்ள நெம்புகோல்கள் வழியே படிப்படியாகக் குறைந்து விரலுக்கு வருகிறது. மலிவானவற்றில் கொக்கிக்கும் விரலுக்கும் நடுவே அதிகம் ஒன்றும் இல்லை. விரல் பலமாக இழுக்கிறது, குழல் ஆடுகிறது, குறி தப்புகிறது. இதற்குச் செய்யப்படும் வேலைகள் மூன்று. உரசும் பரப்புகளை மெருகேற்றி மாலிப்டினம் கிரீஸ் வைப்பது ஒன்று. அதில் ஆபத்து குறைவு. திருகைத் திருப்பி, சியர் பிடித்திருக்கும் ஆழத்தைக் குறைப்பது இரண்டாவது. அளவு மீறினால் கொக்கி நுனியில் மட்டும் நிற்கும்; துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைக்கும் அதிர்வே போதும், குண்டு கிளம்பிவிடும். குழலை மடக்கி லோடு செய்யும் வகையில், குழல் திறந்திருக்கும்போது பிடி விட்டால் அது விருட்டென்று மேலெழுந்து விரலை நசுக்கும். அரத்தால் சியரின் கோணத்தையே மாற்றுவது மூன்றாவது. மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகில் அந்தத் தோல் அரத்தோடு போய்விடும். உள்ளிருக்கும் மெத்தென்ற இரும்பு நாளாக நாளாகத் தேயும். இன்று சரியாக இருக்கும் துப்பாக்கி ஆறு மாதம் கழித்துச் சரியாக இருக்காது.

இந்த ஆறு மாத இடைவெளியில்தான் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது. கரிசல் பூமியில், மல்லாங்கிணற்றுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், அப்படி அரம் போட்ட துப்பாக்கி கட்டிலில் லேசாக இடித்து வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டு ஒரு மயில்மேல் படலாம், ஒரு குழந்தையின் கண்ணில் படலாம். யாரும் ட்ரிக்கரை இழுக்கவில்லை, யாரும் எதையும் குறிபார்க்கவில்லை. அப்படியானால் அந்தக் காயம் யாருடைய செயல்? ‘எண்ணம் இல்லாத இடத்தில் வினை இல்லை’ என்பது நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் தரும் பதில். அந்தப் பதில் போதாது. எண்ணம் என்பதை நாம் தவறான நேரத்தில் தேடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது தமிழ் மண்ணுக்குப் புதிய வழக்கு அல்ல. பௌத்தமும் சமணமும் இங்கே நூற்றாண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்று வாதாடியிருக்கின்றன. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி அந்த வாதங்களின் களஞ்சியம். அருப்புக்கோட்டைப் பக்கம் கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகள் இன்றும் இருப்பதால், இந்தக் கரிசல் பகுதிக்கும் அந்த வாதத்தில் பங்குண்டு. சேதனை, அதாவது மனம் கொள்ளும் நோக்கம்தான் வினை என்பது பௌத்தர் நிலைப்பாடு. வேண்டுமென்று கொல்லாத பிக்குவைக் கொலைக் குற்றவாளியாக அவர்களது துறவொழுக்க நூலான விநயம் கருதுவதில்லை. சமணர்களின் சூத்திரகிருதாங்கம் இந்த நிலைப்பாட்டைக் கேலி செய்கிறது. சுரைக்காய் என்று எண்ணிக் குழந்தையை நெருப்பில் வாட்டியவனுக்குப் பாவம் இல்லை என்றல்லவா நீங்கள் சொல்லவேண்டி வரும் என்று அது கேட்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்தில் பகையோ விருப்பமோ முன்னே நிற்கவில்லை. அசட்டையால் உயிரைப் பறிப்பது இம்சை என்கிறது அது. சமண ஆசாரியர் குந்தகுந்தர் இன்னும் ஒரு படி போகிறார்: உயிர் போனாலும் போகாவிட்டாலும் அசட்டையாய் நடப்பவன் இம்சை செய்தவனே, பார்த்துப் பார்த்து அடிவைக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி இறந்தாலும் அவருக்கு வினைக்கட்டு இல்லை.

குந்தகுந்தரின் இரண்டாவது பாதியைப் பலர் கவனிப்பதில்லை. விளைவை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் துறவியும் குற்றவாளி. அந்தக் கணத்து எண்ணத்தை மட்டும் பார்த்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஓடியவனும் தப்பிவிடுவான். அவர் பார்ப்பது மூன்றாவதான ஒன்றை: செயலுக்கு முன்பே ஒருவன் தன்னையும் தன் கருவியையும் எந்த நிலையில் வைத்திருந்தான் என்பதை. ஏர் ரைஃபிளில் அந்த நிலையைத் தீர்மானித்தது திருகு திருப்பிய அல்லது அரம் போட்ட கை. கால் மில்லிமீட்டர் பிடிப்பில் சியரை நிறுத்தியவர், ‘இனி இந்தத் துப்பாக்கி என் விருப்பம் இல்லாமலும் சுடலாம், பரவாயில்லை’ என்ற முடிவை அப்போதே எடுத்துவிட்டார். வாயால் சொல்லவில்லை, மனத்தாலும் முழுதாக நினைக்கவில்லை; ஆனால் இரும்பில் எழுதிவைத்துவிட்டார். பிறகு வரும் வெடிப்பில் எண்ணத்தைத் தேடி, காணோம் என்று கைவிரிப்பது, விதைத்த நாளை விட்டுவிட்டு அறுத்த நாளில் மட்டும் உழவனைத் தேடுவதற்குச் சமம்.

இந்த உண்மையைச் சிவகாசி வட்டாரத் தொழில் தன் போக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் அடிப்படை ஒரு பிரிவினை. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சேர ஒரு கை வேண்டும். அதற்கு முந்தைய வெண்பாஸ்பரஸ் குச்சியோ எங்கே உரசினாலும் பற்றும். தொழிலாளரின் தாடையெலும்பை அது அரித்ததால் இந்தியாவில் 1913-ல் ஒரு சட்டமே அதைத் தடை செய்தது. பட்டாசிலும் இதே தர்க்கம் உண்டு. குளோரேட்டோடு கந்தகம் கலந்த கலவை சிறு உராய்விலேயே வெடிக்கக்கூடியது. அதற்கு 1992-ல் நாடு முழுவதும் தடை வந்தது. கலவை இடிக்கும் தொழிலாளி விபத்தை விரும்பினாரா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எவ்வளவு சிறிய காரணத்துக்கு எவ்வளவு பெரிய விளைவு காத்திருக்கும்படி கலந்து வைத்தார்கள் என்பதே கேள்வி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 38 பேருக்கு மேல் பலிகொண்ட விபத்துக்குப் பிறகும் ஊர் கேட்டது ‘யார் கொளுத்தியது’ என்று அல்ல, ‘எப்படி வைத்திருந்தார்கள்’ என்றுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. முன்னேற்பாட்டிலேயே பொறுப்பு இருக்கிறது என்றால் அதற்கு எல்லை ஏது? அரிவாள் அடித்த கொல்லரும், ஸ்பிரிங் சுருட்டிய ஆலையும், எஃகு உருக்கியவரும் பாவத்தில் பங்காளிகளா? அப்படிப் போனால் யாரும் எதையும் தொடமுடியாது. மறுப்பு வலுவானதுதான், ஆனால் குந்தகுந்தர் துறவியை விடுவித்த அதே அளவுகோல் இவர்களையும் விடுவிக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவும் இதே இடத்தில்தான் கோடு போட்டது: விபத்து குற்றமில்லை, ஆனால் உரிய கவனமும் எச்சரிக்கையும் இருந்திருக்க வேண்டும். கவனம் தவறி மரணம் நேர்ந்தால் அதற்கு 304ஏ இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் கையிலிருந்த ஆபத்தின் அளவை அவர் அறிந்திருந்தாரா, அறிந்திருக்க முடியுமா என்பதே எல்லை. கொல்லர் தன் அரிவாளை, தானாகப் பாயும்படி செய்யவில்லை. சியரை நுனிக்குக் கொண்டுவந்தவர் செய்தது ஏறத்தாழ அதைத்தான்.

இரண்டாவது மறுப்பு துப்பாக்கி சுடும் வீரர்களிடமிருந்து வரும், அது இன்னும் நுட்பமானது. நல்ல பயிற்சியாளர்கள், குண்டு எப்போது கிளம்பும் என்று தெரியாதபடி மெல்ல அழுத்தச் சொல்கிறார்கள். தெரிந்தால் உடல் முன்கூட்டியே குலுங்கிவிடும். ஆக, தங்கப் பதக்கக் குண்டும் ‘எண்ணாமல்’ கிளம்பியதுதானே? பன்னாட்டு விதிகளைப் பார்த்தால் பதில் தெரியும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்கவேண்டும், 25 மீட்டர் பிஸ்டலில் 1000 கிராம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கோ அப்படிக் கீழ் எல்லையே இல்லை. அங்கே ட்ரிக்கரை இறகு போல வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் குறைத்த எடையை வேறு இடங்கள் சுமக்கின்றன: குழலில் பாதுகாப்புக் கொடி, இலக்கை விட்டு விலகாத குழல்முனை, ஆணை வந்த பிறகே குண்டு போடுதல், ஒவ்வொரு முறையும் ஒரே குண்டு. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இத்தகைய விதிகளுக்குள்தான். குண்டு கிளம்பும் கணம் வீரருக்குத் தெரியாது; ஆனால் அது எங்கே போகலாம், எப்போது போகலாம் என்பதை அவர் முன்பே முடிவுசெய்துவிட்டார். தோட்டத்துக் கட்டிலுக்கு அந்த வேலி இல்லை. ட்ரிக்கரிலிருந்து எடுத்த எடை அங்கே யார்மேலும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது.

அப்படியென்றால் கனமான ட்ரிக்கரே அறமா? இல்லை. திருவிழாத் திடலின் பலூன் கடைத் துப்பாக்கியை ஒரு முறை இழுத்தவருக்கும் தெரியும், முரட்டு ட்ரிக்கர் நினைத்த இடத்தில் குண்டைச் சேர்க்காது. எலிக்குக் குறிவைத்தவர் பக்கத்து வாசலைச் சுட்டால், அங்கும் விருப்பமும் விளைவும் பிரிந்துபோகின்றன. ஆகவே மெருகேற்றுவதும் கிரீஸ் வைப்பதும் தவறல்ல, கடமை என்றே சொல்லலாம். விரல் விரும்பும்போது சுடவேண்டும், விரும்பாதபோது சுடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ட்ரிக்கர் சீரானது. முதலாவதை மட்டும் சரிசெய்து இரண்டாவதைக் கெடுத்த வேலையைச் சீரமைப்பு என்று சொல்வது தகாது.

இதிலிருந்து நடைமுறையில் ஒரு கடன் பிறக்கிறது. ட்ரிக்கரில் கைவைத்தவர், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து ரப்பர் சுத்தியலால் தட்டி, பிடி நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு முறை பார்த்தால் போதாது, தேய்மானம் ஓய்வதில்லை. இரவல் கொடுக்கும்போதும் விற்கும்போதும் ‘இதில் நான் கைவைத்திருக்கிறேன்’ என்று சொல்லவேண்டும். சொல்லாமல் கொடுத்தால், முன்பு எடுத்த முடிவை இன்னொருவர் விரலில் ஒளித்துவைத்ததாக ஆகும். பிறகு நேரும் காயத்துக்கு அந்த விரல் மட்டும் பதில் சொல்வது நியாயமில்லை.