சூரியன் மறையுமுன்

தவ்ராத்தையும் யூதச் சட்டத்தையும் படிப்பதால் நமக்கென்ன ஆன்மிகப் பயன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2023இன் இறுதியிலிருந்து காஸா கண்ட அழிவின் பின் அக்கேள்வி கோபத்தோடு வருவது இயல்பே. ஆயினும், ஓர் அரசின் கொடுமைக்காக ஒரு வேதத்தை மூடிவைக்க முடியாது. அதில் நேர்வழியும் ஒளியும் இருந்ததாக அல்குர்ஆனே (5:44) கூறுகிறது.

ஏழைக் கூலியாளுக்குரியதைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடும்படி உபாகமம் 24ஆம் அதிகாரம் பணிக்கிறது. அவன் சொந்த இனத்தவனா, அந்நியனா என்று அது பார்ப்பதில்லை. மேடேறி, மரத்தில் தொங்கி, அவன் உயிரைப் பணயம் வைப்பது கூலிக்காகவே என்றும், அதைப் பிடித்துவைப்பவன் அவனுடைய உயிரைப் பறித்தவன் போலாவான் என்றும் தல்மூத் விளக்குகிறது.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழி (இப்னு மாஜா) நமக்கு மனப்பாடம். மனப்பாடமானது பல வேளை உறைப்பதில்லை. மரத்தில் தொங்கும் அந்த மனிதனைப் படித்த பின், மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணை நபிமொழிக்குள் கண்டேன். நிறை குறைந்தால் அவளுக்கு விழும் 'அரைப்பேரும்' அங்கே தெரிந்தது.

புசல்லாவையில் 1841இல் சீனத் தேயிலையை நட்ட மொரிஸ் டி வோர்ம்ஸ் ஒரு யூதர். தோட்டக் கூலிக் கணக்கை அவர் தம் வேதத்தின்படி பார்த்தாரா என்று கேட்பது சுலபம். ஹற்றன் கடைத்தெருவில் நம்மவர் கடைகளில் இரவுவரை நிற்பவர்களும் லயத்துப் பிள்ளைகளே. நோன்பு, தொழுகை, ஸக்காத் எல்லாம் சரியாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் சம்பளம் உரிய நாளில் அவன் கைக்குப் போனதா? பிறர் வேதம் என்னிடம் கேட்ட கேள்வி அது. என் வேதமும் அதைத்தான் கேட்கிறது.