பெல் அடித்தபோது

போன மாசம் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் அறிக்கையிடுகிறேன். தி.நகரில் எங்கள் ஃபிளாட்டில் இராத்திரி பதினொன்றரைக்குக் காலிங்பெல் அடித்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சகோதரி, "அக்கா, அக்கா" என்கிறாள். நான் தனியாக இருந்தேன். பேப்பரில் வருகிற திருட்டுச் செய்தியெல்லாம் ஞாபகம் வந்தது. மூச்சு விடாமல் நின்றுவிட்டேன். மாடிவீட்டுக்காரர்தான் அவள் புருஷனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டார்.

ஜாக்கிரதையாயிருப்பது பாவமா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

லீவுக்கு வந்த மகன் ஒரு சிலந்தியைப் பற்றிச் சொன்னான். மண்ணில் குழி தோண்டி, உள்ளே நூல் பூசி, வாசலுக்கு மூடிக்கதவு போட்டுக்கொள்ளும் சாதி. 1977-ல் டிக்காதர் என்ற விஞ்ஞானி விவரித்த ஒன்று நம்ம மெட்ராஸ் பேரையே தாங்கியிருக்கிறது: இடியோப்ஸ் மெட்ராசென்சிஸ்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட பூமியில் இந்த வகையில் இன்னொரு சிலந்தி. 1974 முதல் பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார் அதைக் கவனித்துவந்தார். பேர் கிடையாது, நம்பர் 16. பெண் சிலந்தி. 43 வருஷம், ஒரே குழி! யோபுவின் சிநேகிதன் பில்தாத் நிலைக்காத நம்பிக்கையைச் சிலந்தி வீட்டுக்கு ஒப்பிட்டானே, இதைப் பார்த்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பான்.

எனக்கு ஆறுதலாயிருந்தது. கதவை மூடினவள்தானே இத்தனை வருஷம் வாழ்ந்தாள்? ஆனால் மகன் மேலே சொன்னான். இந்தச் சிலந்தி வாசலைச் சுற்றிக் குச்சிகளை விசிறிபோல் பரப்பிவைக்கும். பூச்சி மிதித்தால் அந்த அதிர்வு உள்ளே தெரியும். உடனே மூடியைத் தள்ளிப் பாய்ந்து பிடிக்கும். அதாவது, ஆகாரம் வந்தால் கதவு திறக்கும். சிலந்தியைக் குற்றஞ்சொல்ல முடியாது, அதற்கு அயலான் கிடையாது. நானோ கேஸ் சிலிண்டர் பையனுக்கும் கூரியர்காரருக்கும் ஒருநாளும் யோசித்ததில்லை, சட்டென்று திறந்துவிடுகிறேன்.

2016-ல் போய்ப் பார்த்தபோது நம்பர் 16-இன் மூடியில் ஓட்டை இருந்ததாம். குளவி துளைத்து உள்ளே போயிருந்தது. அத்தனை பத்திரமும் அவ்வளவுதான்.

"தனியா இருக்கிற பொம்பளை ராத்திரியில திறக்கக் கூடாது, நீ செஞ்சது சரிதான்" என்கிறார்கள் ஊரிலிருக்கும் மாமியார். திறக்காதது தப்பென்று நானும் சொல்ல மாட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்தே "என்னம்மா?" என்று கேட்டிருக்கலாமே. மாடிவீட்டுக்கு நானே போன் பண்ணியிருக்கலாமே. அதுகூடச் செய்யவில்லை, அதுதான் என்னைக் குத்துகிறது.

போன வாரம் அந்தச் சகோதரி மாடிப்படியில் சிரித்துக்கொண்டே, "அக்கா, அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். இந்தப் பத்திரிகை அச்சாகி வருமுன் நான் போய் அவள் வீட்டுப் பெல்லை அடிக்க வேண்டும்.