இனம் என்பது பெயரா, பொருளா?

ஓரினத்து உயிர்கள் அனைத்திலும் பொதுவாக உறையும் ஒன்று உண்மையில் உண்டா, அல்லது இனம் என்பது மனிதர் இட்ட பெயர்தானா என்பது இந்தியத் தத்துவத்தில் பல நூற்றாண்டுகள் நீண்ட வாதமாகும். பசுக்கள் அனைத்திலும் பசுத்தன்மை என்னும் அழியாத பொதுமை உறைகிறது என்ற நியாய வைசேடிகர் அதனைச் 'சாதி' என்றனர். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என மரபு கூறும் பௌத்தராகிய திக்நாகரோ, அப்படி ஒரு பொதுமை இல்லை என மறுத்து, 'பசு' என்னும் சொல் பசு அல்லாதவற்றை விலக்கிக் காட்டுவதோடு அமைகிறது என்றார். இவ்விலக்கலுக்கு 'அபோகம்' என்று பெயர்.

இங்கிலாந்துக் காடுகளின் கதிர்க்குருவிகள் இவ்வாதத்துக்கு நல்லதொரு சான்று தருகின்றன. ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட், அதுவரை ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்த இக்குருவிகள் மூன்று இனங்கள் என்பதை அவற்றின் குரல் வேறுபாட்டைக் கொண்டு தெளிந்து, 1768 ஆகஸ்டில் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட்டுக்கு எழுதினார். அவற்றுள் சிஃப்சாஃப் இரண்டே சுரங்களை மாற்றி மாற்றித் தெறிப்பாக ஒலிக்கும். வில்லோ வார்ப்ளரின் பாட்டு மேலிருந்து படிப்படியாக இறங்கித் தேய்ந்து முடியும். வுட் வார்ப்ளர் உயர்ந்த பீச் மரங்களில் இருந்துகொண்டு, மெதுவாகத் தொடங்கும் ஒலியை விரைவுபடுத்தி நடுங்கும் அதிர்வாக்கும். முதலிரண்டும் ஏறத்தாழப் பத்து கிராம் எடையும் மங்கிய பச்சை நிறமும் உடையவை. கால்களின் நிறம் போன்ற நுண்ணிய அடையாளங்களைத் தேடினாலன்றிக் கண்ணால் அவற்றைப் பிரித்தறிவது அரிது.

இவ்வேறுபாடு மனிதர் படைத்ததன்று. ஆண்பறவை தன் எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் பாடுகிறது. தன் இனத்துப் பாட்டைக் கேட்டால் எதிர்த்து வரும் அப்பறவை பிற இனத்துப் பாட்டைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பறவைகள் தமக்குள் வகுத்துக்கொண்ட பிரிவையே ஒயிட்டின் செவி கண்டறிந்தது; ஆகவே இனம் வெறும் பெயர் என்பது பொருந்தாது. எனினும் அழியாத பொதுமை என்பதும் இங்கு நிலைபெறவில்லை. சில வில்லோ வார்ப்ளர்கள் சிஃப்சாஃபின் சுரங்களையும் கலந்து பாடுவதால், பாட்டை மட்டுமே ஏதுவாகக் கொண்டு இனத்தைத் துணிபவர் பிழைபடக்கூடும். ஏது இவ்வாறு இருபக்கமும் செல்வதை மணிமேகலையின் 29ஆம் காதை 'அநைகாந்திகம்' எனக் குறிக்கிறது. மேலும், தனித்து வளர்க்கப்பட்ட சாஃபின்ச் என்னும் பறவையின் குஞ்சுகள் முழுமையான பாட்டைப் பெறுவதில்லை என்பதை விலங்கியலாளர் டபிள்யூ. எச். தார்ப் 1950களில் கேம்பிரிட்ஜில் நிறுவினார். பாடும் பறவைகள் பலவற்றில் பாட்டு தலைமுறைதோறும் கேட்டுக் கற்கப்படுவது என்பது இதனால் விளங்கும்.

எனவே திக்நாகர் வழிவந்த பௌத்தராகிய தருமகீர்த்தியின் விளக்கமே இதற்கு மிகவும் பொருந்துகிறது. தனித்தனிப் பொருள்களுக்குள் பொதுச்சாரம் ஒன்று இல்லாவிடினும், அவை ஒத்த செயலை விளைவிப்பதே அவற்றை ஓரினமாகக் கொள்வதற்கு அடிப்படை என்றார் அவர். சாதி அழியாதது என்றால், பறவைகள் மறைந்த பின்பும் இனம் எங்கோ எஞ்சியிருக்கிறது எனத் தேறலாம். இனம் என்பது உயிர்கள் இடையறாது செய்துவரும் செயலே என்றால், பாடுவோரும் கேட்போரும் அற்றபோது அதுவும் முற்றாக அற்றுப்போகும். பிரிட்டனில் வுட் வார்ப்ளர் பெரிதும் குறைந்து, கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ள இக்காலத்தில், இனத்தை அழியாப் பொருளாகக் கருதும் கொள்கை தரும் ஆறுதலை ஏற்பதற்கில்லை. காக்கும் கடமையே எஞ்சுகிறது.