கேட்டவர் கொண்டு செல்வது

ஞாயிறு காலையில் மறையுரை ஆற்றிவிட்டு, அன்று மாலையிலேயே "காலையில் நாம் எதைப் பற்றிப் பேசினோம்?" என்று மக்களிடம் கேட்கும் துணிவு எந்தப் பங்குத்தந்தைக்கும் எளிதில் வருவதில்லை. 2024-ஆம் ஆண்டில் ஒருநாள் நாம் அத்துணிவு கொண்டோம். இளைஞர் கூட்டத்தில் ஒருவர் நற்செய்தி வாசகத்தைச் சரியாகச் சொன்னார். இன்னொருவர் நாம் இடையில் சொன்ன நகைச்சுவையைச் சொன்னார். இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நாம் உரைத்தவை எங்கே போயின என்பதற்கு எவரிடமும் விடையில்லை. தலைகுனிந்து நின்றார்கள். நமது மனமும் சற்று நொந்தது, அதை மறைப்பானேன்!

நமது ஆலயத்திற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிவாசல் உண்டு. அதன் எதிரே தையற்கடை வைத்திருக்கும் இஸ்லாமியப் பெரியவர்தாம் பல ஆண்டுகளாக நமது அங்கிகளைத் தைத்துத் தருகிறவர். அவ்வார வெள்ளியன்று, தொழுகை முடிந்து அவர் கடை திறந்த வேளையில் நாம் அங்குச் சென்றிருந்தோம். "பாய், இன்று பள்ளியில் ஹஸ்ரத் என்ன பேசினார்?" என்று கேட்டோம். ஊசியில் நூல் கோத்தவாறே, "அதெல்லாம் நினைவில் நிற்பதில்லை ஃபாதர். ஆனால் போகாமல் இருக்க முடியாது" என்றார்.

முதலில் நமக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகுதான் ஒரு வேறுபாடு புலப்பட்டது. நமது இளைஞர்கள் மறந்ததற்காக வெட்கப்பட்டார்கள். அவரிடம் அந்த வெட்கம் சிறிதும் இல்லை. மறந்த பின்னும் தமக்குரியதைப் பெற்றுக்கொண்ட நிறைவே இருந்தது. உரையைக் கேட்டவர் அதிலிருந்து எதைத்தான் கொண்டு செல்கிறார்? அன்றிலிருந்து இக்கேள்வி நம்மை விட்டபாடில்லை.

வெள்ளி நண்பகல் தொழுகை இஸ்லாத்தில் ஜும்ஆ எனப்படும். ஏனைய நாள்களில் நண்பகலில் நான்கு ரக்அத்துகள் தொழுகிறவர்கள் அன்று கூட்டாக இரண்டு ரக்அத்துகளே தொழுகிறார்கள். அதற்கு முன் இரண்டு சிற்றுரைகள் உண்டு; இரண்டிற்கும் இடையில் உரையாற்றுபவர் சற்று அமர்ந்து எழுவார். இதுவே குத்பா. இறைவனைப் புகழ்தல், நபிகள் நாயகத்திற்கு வாழ்த்து, இறையச்சம் கொள்ளுமாறு அறிவுரை, திருக்குர்ஆன் வசனம், நம்பிக்கையாளருக்காக மன்றாட்டு ஆகியவை அதில் இடம்பெறும். குறைக்கப்பட்ட இரண்டு ரக்அத்துகளின் இடத்திலேயே இவ்விரு உரைகளும் நிற்கின்றன என்று விளக்கும் அறிஞர்களும் உளர். அவ்வாறாயின், உரையைக் கேட்பதும் வணக்கத்தின் ஒரு பகுதியே. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய ஏட்டில், மறையுரை திருவழிபாட்டின் ஒரு பகுதி என்று கற்பித்தது. நாம் அதைப் படித்திருக்கிறோம். எனினும் மறையுரை தொடங்கியதும் வெளியே சென்று காற்று வாங்கும் வழக்கம் நம்மவரை விட்டு இன்னும் முற்றும் நீங்கவில்லை.

கேட்பவர் மீது அம்மரபு வைக்கும் சுமை வியப்பிற்குரியது. இமாம் உரையாற்றும்போது பக்கத்திலிருப்பவரிடம் "பேசாதே" என்று சொல்வதும் வீண்பேச்சே என்று ஒரு நபிமொழி கூறுகிறது. தரையில் கிடக்கும் சிறு கற்களைத் தொட்டு அளைவதும் வீண்செயல் என்கிறது மற்றொன்று. நாமோ பொறுப்பு முழுவதையும் உரையாற்றுபவரிடமே விட்டுவிட்டோம். ஆலய வாயிலில், "இன்று சாமியார் நன்றாகப் பேசினார்", "இன்று அவ்வளவாக இல்லை" என்று மதிப்பெண் இடுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. "இன்று நான் நன்றாகக் கேட்டேனா?" என்று தம்மையே கேட்டுக்கொண்டவரை நாம் இதுவரை கண்டதில்லை.

ஆனால் இதை வைத்து இஸ்லாமியர் எல்லாரும் சிலைபோல் அமர்ந்து கேட்பவர்கள் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. வெள்ளியின் பெயரையே தாங்கிய 62-ஆம் அதிகாரம், வாணிகத்தையும் வேடிக்கையையும் கண்டவர்கள் அவற்றை நோக்கி ஓடி நபியை நின்ற நிலையிலேயே விட்டுவிட்டதைக் கடிந்துரைக்கிறது. மதீனாவில் உணவுப் பொருள்களுடன் ஒரு வணிகக் கூட்டம் வந்துசேர, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்றும், எஞ்சியவர் பன்னிருவரே என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. (பன்னிருவர் என்ற எண் நமக்கும் பழக்கமானதே!) துரோவா நகரில் புனித பவுல் நள்ளிரவு வரை பேச, யூத்திகு என்னும் இளைஞன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தானே! ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர் புனித செசாரியுஸ், மறையுரைக்கு முன் மக்கள் நழுவாதிருக்க ஆலயக் கதவுகளையே அடைத்துவிடுவாராம். இவர்களுக்கே இப்படி என்றால், நமது இருபது நிமிடங்களுக்காக நாம் மனம் நோவதில் பொருளில்லை.

அதே மதீனாவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. நபிகள் நாயகம் முதலில் ஒரு பேரீச்சை அடிமரத்தின் அருகில் நின்று உரையாற்றுவார். பின்னர் படிகள் வைத்த மேடை செய்யப்பட்டு அவர் அதன்மீது ஏறியபோது, கைவிடப்பட்ட அம்மரம் அழுததாகவும், அவர் இறங்கி வந்து தடவிக் கொடுத்த பின்னரே அது அடங்கியதாகவும் கூறுவர். மனிதர் எழுந்து போன மன்றத்தில் மரம் அழுதது என்று அடுத்தடுத்துச் சொல்லிவைத்த அம்மரபின் மனத்தை நாம் எண்ணி எண்ணிப் பார்க்கிறோம்.

சரி, பொருள் புரியாமல் கேட்பதால் பயன் உண்டா? தமிழகத்திலும் இலங்கையிலும் பல பள்ளிவாசல்களில் குத்பா அரபு மொழியிலேயே ஓதப்படுகிறது. அதற்கு முன் பயான் என்ற பெயரில் தமிழில் பேசுகிறார்கள். குத்பாவையே தமிழில் நிகழ்த்தும் பள்ளிகளும் உள்ளன. இதைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நாம் தீர்ப்புக் கூற வேண்டிய வழக்கன்று இது. நமது பாட்டியார் இலத்தீன் திருப்பலியில் செபமாலை உருட்டியபடி இருந்ததைத் தாமே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு சொல்லும் புரியாதவர் அவர். ஆயினும் அவரது பொறுமையில் நூறில் ஒரு பங்குகூட, எல்லாம் புரிந்த நமக்கு வாய்க்கவில்லை. அதற்காக இலத்தீனுக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்ல வரவில்லை. புரிதலும் வேண்டும்; ஆனால் புரிந்ததோடு கேட்டல் முடிந்துவிடுவதில்லை.

எகிப்து நாட்டின் கெய்ரோவில் அப்துல் ஹமீது கிஷ்க் (1933–1996) என்ற கண்பார்வையற்ற உரையாளர் இருந்தார். அவருடைய வெள்ளி உரைகள் ஒலிநாடாக்களில் அரபு உலகெங்கும் பரவின. அத்தகைய நாடாக்களைக் கேட்போரிடையே வாழ்ந்து ஆராய்ந்த சார்லஸ் ஹிர்ஷ்கைண்டு என்னும் மானிடவியலாளர் 2006-இல் ஒரு நூல் வெளியிட்டார். வாடகைக் கார் ஓட்டுநரும் கடைக்காரரும் ஒரே உரையை மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். அதில் அவர்கள் அறியாத செய்தி ஏதுமில்லை. கடினப்பட்டுப்போகும் உள்ளம் இளகுவதற்காக, அச்சமும் வருத்தமும் அமைதியும் உடலிலேயே பதிவதற்காகக் கேட்கிறார்கள் என்பது அவர் கண்டது. தையற்கடைப் பெரியவரின் சொல்லுக்கு இதில் ஒரு விளக்கம் கிடைத்ததாக நமக்குத் தோன்றியது.

எனினும், இளகிய உள்ளத்தை யாரும் எந்த வடிவிலும் பிடித்துவிடலாமே! திருச்சிலுவை சபைக் குருவான பாட்ரிக் காஃப்னி, எகிப்தின் மின்யா நகரப் பள்ளிவாசல் உரைகளை ஆராய்ந்து 1994-இல் எழுதிய நூலைப் படிப்போர், ஒரே நகரில் ஒரு மேடை கல்வி புகட்ட, இன்னொரு மேடை போர்முரசு கொட்டியதை அறிவர். ஆட்சியாளரும் இம்மேடையை என்றும் சும்மா விட்டதில்லை. குத்பாவில் யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவரே அரசர் என்பது பழைய வழக்கு. 1171-இல் கெய்ரோவில் ஃபாத்திமியக் கலீபாவின் பெயர் நீங்கி பாக்தாத் கலீபாவின் பெயர் ஒலித்தபோது ஓர் அரச மரபே முடிந்தது. நம் காலத்தில், 2016-இல் எகிப்தின் சமய அறக்கொடை அமைச்சகம் எழுதிக்கொடுத்த உரையையே எல்லாரும் படிக்க வேண்டும் என்றபோது, அல்-அஸ்ஹர் பேரறிஞர்கள் அதை எதிர்த்தார்கள். ஆயரின் சுற்றுமடலை மறையுரைக்குப் பதிலாகப் படிக்கும் ஞாயிறுகளில் நம் மக்களின் முகத்தைப் பார்த்திருப்போருக்கு அவ்வெதிர்ப்பு புரியும். ஆகவே அமைதியாகக் கேட்கும் கடமையோடு, கேட்டதை மனச்சான்றின் முன் நிறுத்தும் கடமையும் இணைந்தே வருகிறது. பகையைத் தூண்டும் சொல்லைப் பணிவோடு கேட்டேன் என்பது எந்தச் சமயத்தவருக்கும் சாக்காகாது.

உரையாற்றுவோரும் இதில் ஒளிந்துகொள்ள முடியாது. உரை சுருங்கியிருப்பது ஒருவரின் அறிவுக்கு அடையாளம் என்கிறது ஒரு நபிமொழி. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் மாதத்தில் மறையுரை எட்டு நிமிடங்களுக்கு மேற்படலாகாது என்றார். நாம் இப்போது பதினைந்துக்கு வந்திருக்கிறோம்.

புனித அகுஸ்தீனார் இன்றைய அல்ஜீரியக் கடற்கரையிலுள்ள செசரியா நகரில் ஒருமுறை உரையாற்றினார். அவ்வூரில் ஆண்டுதோறும் உறவினரும், தந்தையும் மகனுங்கூட, இரு அணியாய்ப் பிரிந்து கல்லெறிந்து ஒருவரையொருவர் கொல்லும் வழக்கம் இருந்தது. அதற்கு எதிராகவே அவர் பேசினார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். தாம் ஏதேனும் சாதித்ததாக அவர் அப்போது எண்ணவில்லை. அழுதார்கள், அதன் பிறகே நம்பிக்கை கொண்டார். எட்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அச்சண்டை திரும்பவில்லை என்று பின்னாளில் எழுதிவைத்தார். உரையின் வாசகங்களை அவ்வூரார் நினைவில் வைத்திருந்தார்களா என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

தையற்கடைக்கு மீண்டும் சென்றது ஒரு வியாழன் மாலை. பெரியவர் தம் கடைப் பையனுக்கு வாரக் கூலியை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சனியன்று கொடுக்க, நீங்கள் மட்டும் ஏன் வியாழனில் கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். உழைத்தவன் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டுமென்ற நபிமொழியை ஒரு ஹஸ்ரத் ஜும்ஆவில் விளக்கியதாகவும், அதன்பின் கூலி பாக்கியோடு வெள்ளியன்று பள்ளியில் உட்காரத் தமக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னார். எப்போது என்றதற்கு, "இருபது வருடம் இருக்கும் ஃபாதர்" என்றார். அதை அவர் உரையின் நினைவாகவே எண்ணியிருக்கவில்லை. கடை வழக்கம் என்றுதான் எண்ணியிருந்தார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2024 செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிறன்று, யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசகமாக வந்தது. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதைப் பற்றி நாம் உருக்கமாகவே பேசினோம். நமது பங்கின் கோயில்பிள்ளைக்கு அப்போது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. திருவிழாக் கணக்கு முடியட்டும் என்று நாம்தான் தள்ளி வைத்திருந்தோம். அந்த உரையின்போது அவர் பீடத்தின் ஓரத்தில், கைகட்டி, அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வியாழன் இரவே அவரை அழைத்துப் பணத்தைக் கொடுத்தோம். "என்ன சாமி, கணக்கு முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டோம். அன்று வரை அந்தக் கணக்கு முடிந்திருக்கவில்லை.